நீண்டு ஒடுங்கிய ஹாலும் பாசேஜும்: என் வீட்டைக் காட்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூரில் நான் குடியிருக்கும் வீட்டின் ஹாலையும் பாசேஜையும் காட்டியபடியே இன்று பேசப்போகிறேன். இங்கே 20க்கு 30 அடி மனையில் கட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பு நன்றாகத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் நெருங்கி நிற்பதால், தெருப்பக்க ஜன்னலும் துணி துவைக்கும், பாத்திரம் கழுவும் பின்புற யூட்டிலிட்டியும் தவிர வெளிச்சத்துக்கு வேறு வழி இல்லை. நடுப்பகுதி பகலிலும் இருட்டாகவே இருக்கும்.

நீளமான ஹால் என்றதும் சோபா, டிவி, ஷோகேஸ் எல்லாவற்றையும் சுவரோரமாக வரிசையாகப் போட்டுவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் நடுவில் ஒரு நேர்ப்பாதை மட்டும் மிஞ்சி, ஹால் ரயில் பெட்டியைப் போல ஆகிவிடும். நம் அக்ரகாரத்து வீடுகளும் செட்டிநாட்டு வீடுகளும் இதைவிட நீளமானவை. ஆனால் திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு என்று அந்த நீளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நடுவில் வானத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். வாடகை வீட்டில் முற்றம் வைக்க முடியாது என்றாலும், நீளத்தை நடுவில் நிறுத்துவதும் அங்கே வெளிச்சம் கொடுப்பதும் நம்மால் முடியும்.

இந்த ஹாலின் அகலம் 8 அடி. சோபா 3 அடி ஆழம், டிவி அலமாரி 15 அங்குலம். இவை போக நடக்க 3¾ அடி இருக்கிறது. அதில் டீப்பாயைப் போட்டால் கால் இடிக்கும் என்பதால், சோபாவின் கைப்பிடி அருகே ஒரு சிறிய முக்காலியை வைத்திருக்கிறேன். சோபா முடியும் இடத்தில், 3 அடி உயரமும் 4 அடி நீளமும் உள்ள, முதுகுப்பலகை இல்லாத இந்தப் புத்தக அலமாரி குறுக்காக நிற்கிறது. வெளிச்சத்தை மறைக்காமலே உட்காரும் இடத்தையும் சாப்பிடும் இடத்தையும் இது பிரித்துவிடுகிறது. இதற்கு நேர் மேலே 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்று தொங்குகிறது. இந்த ஹாலுக்கு நான் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டவை இந்த அலமாரியும் விளக்கும்தான்.

நீளச் சுவர்கள் இரண்டும் வெண்மையாக இருக்கட்டும். கோடியில் உள்ள குறுகிய சுவருக்கு மட்டும் செங்காவி போன்ற அடர்ந்த நிறம் கொடுங்கள், அது கண்ணுக்குக் கிட்டத்தில் வந்து தெரியும். கண்ணாடியை நீளச் சுவரில் மாட்டினால் அகலம் கூடியதாகத் தோன்றும். கோடிச் சுவரில் மாட்டினால் ஏற்கெனவே நீண்ட ஹால் இன்னும் நீண்டுவிடும்.

இப்போது பாசேஜுக்கு வருவோம். அகலம் மூன்றரை அடி. இங்கே முன்பக்கம் சாய்த்துத் திறக்கும் 7 அங்குல ஷூ ராக்கைத் தவிர வேறு எந்தச் சாமானுக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. தலைக்கு மேலே லாஃப்ட் இருப்பதால், அதன் அடிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 57 அங்குலத்தில், கண் மட்டத்துக்கு வரும்படி மாட்டுவது நல்லது. தஞ்சாவூர் ஓவியத்தின் கனமான தேக்குச் சட்டம் நடப்பவர்களின் தோளில் உரசும் என்பதால், அதைக் கோடிச் சுவருக்கு மாற்றிவிட்டு, பக்கச் சுவர்களில் மெல்லிய சட்டமிட்ட படங்களை மட்டும் மாட்டியிருக்கிறேன். நீளமான தரைவிரிப்பு போடுவதானால், இரண்டு ஓரமும் 4 அங்குலமாவது தரை தெரியும்படி விட்டு, அடியில் வழுக்காத ரப்பர் வலையை அவசியம் விரியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இரவில் நடக்கும் பாதை அது.