மூன்றாவது நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். உளச்சிகிச்சை என்றதும் மூடிய அறையும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று மூன்றாவது நாற்காலி ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் உதவியாளராக இருப்பவர் அமரும் நாற்காலி அது. பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த பிறகுதான் நான் அதில் போய் அமர்ந்தேன். இன்னும் முன்பே அமர்ந்திருக்க வேண்டும்.

அங்கே மாணவர்கள் மூவர் மூவராகப் பிரிவார்கள். ஒருவர் தம் மனத்தில் கிடப்பதைப் பேசுவார். நடிப்பு இல்லை, சொந்த விஷயமேதான். இன்னொருவர் சிகிச்சையாளராக இருந்து கேட்பார். மற்றவர் கவனிப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். யாராவது தடுமாறினால் உதவியாளர் கைகொடுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பேசாமல் இருப்பது இருக்கிறதே, அதுதான் கடினம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஒரு பெண் தம் தந்தை இறந்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கைக்குட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "எல்லாரும் வந்துவிட்டார்கள். எனக்கு அழுகை..." என்றார். எதிரில் இருந்த இளைஞர் மிகுந்த பரிவோடு, "புரிகிறது" என்றார். நீவிக்கொண்டிருந்த விரல் நின்றது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, வந்திருந்த உறவினர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். 1960களில் அமெரிக்காவில் நார்மன் கேகன் என்பவர் வகுத்த முறை அது. பதிவை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்தக் கணத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று விசாரிப்பார்கள். சரியாக அந்த இடத்தில் அந்தப் பெண்ணே நிறுத்தச் சொன்னார். "அழுகை வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் புரிகிறது என்றார். அதன் பிறகு எப்படிச் சொல்வது?"

நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது, நேயர்களே. 'எனக்கு அழுகை' என்பது வரை கேட்டவருக்கு, வந்ததா வரவில்லையா என்பது தெரியாது. தெரியாமலேயே நாம் 'புரிகிறது' என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அத்தனை பேர் நடுவில் அழ முடியாமல் நின்ற ஒரு மகளின் தவிப்பு, அந்த ஒரு சொல்லால் உள்ளேயே தங்கிவிட்டது.

அன்றிரவு, ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்திருந்த என் அமர்வு ஒன்றைக் கேட்டேன். 50 நிமிடத்தில் 14 முறை 'புரிகிறது' என்றிருந்தேன். அதில் 9 முறை, பேசுபவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே.

என் அறையில் இது ஏன் எனக்குக் கேட்கவில்லை? அடுத்து என்ன சொல்வது, இவருக்கு எப்படி உதவுவது என்று பாதி மனம் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது நாற்காலியில் அந்தச் சுமை இல்லை. விரல் நிற்பது கண்ணில் படுகிறது. ஆண்டுகள் கூடக்கூடத் திறமையும் தானே கூடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,500க்கும் மேற்பட்டவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. சராசரியாக, காலப்போக்கில் பலன் கூடவில்லை; மிகச் சிறிய அளவில் குறைந்தே இருந்தது. முன்னேறியவர்களும் அவர்களில் உண்டு. வெறும் அனுபவம் போதாது என்பதைத்தான் சொல்கிறேன்.

மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் நம்மைக் கூர்மையாக்கும். "அங்கே ஏன் அமைதியாக இருக்கச் சொன்னீர்கள்?" என்று ஒருவர் கேட்டால், 'பழக்கம்' என்று பதில் சொல்லித் தப்ப முடியாது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். எல்லைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். உதவியாளர் மாணவருக்குச் சிகிச்சையாளர் ஆகிவிடக் கூடாது. அங்கே கேட்டது அந்த அறையைத் தாண்டக் கூடாது. உதவியாளராகச் சேர நினைக்கும் சிகிச்சையாளர்களே, சேருவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாள் முடிவில் உதவியாளர்களோடு உட்கார்ந்து பேச, மூத்த பயிற்றுநர் ஒருவர் இருப்பாரா? இல்லை என்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள். வணக்கம்.