உடுவிலுக்கு வந்த ஹாரியட்

நேயர்களுக்கு வணக்கம்.

1819 ஜூன் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு பெண் கப்பல் ஏறினார். பெயர் ஹாரியட், வயது 23. அந்த ஜனவரியில்தான் மைரன் வின்சுலோவுடன் திருமணம் நடந்திருந்தது. பின்னாளில் பெரிய தமிழ் அகராதி ஒன்றை வெளியிட்டாரே, அதே வின்சுலோதான். கணவரின் பெயரைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். மனைவியின் பெயரை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால்தான் இன்று அவரைப் பற்றிப் பேச வந்தேன்.

கல்கத்தா வழியாக இலங்கை வந்து, 1820இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியேறினார்கள். கிறிஸ்தவ சமயப் பணிக்காக வந்த அமெரிக்க மிஷன் நடத்திய ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பையன்கள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் வருவது மிக அரிது. எழுத்துப் படித்த பெண் என்றால் கோயிலில் ஆடுபவள் என்று ஊர் நினைத்த காலம் அது. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, யார் அவளைக் கட்டுவார்கள் என்று தாய்மாரே கேட்டார்கள். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மகளின் வாழ்வு கெட்டுவிடுமோ என்ற பயம் அதற்குள் இருந்தது.

ஹாரியட் ஊசியையும் நூலையும் கையில் எடுத்தார். தையல் என்றால் வீட்டில் மறுப்புக் குறைவு. துணி மடிப்பைப் பிடித்து, நூலைக் கோத்து, தையல் விலகாமல் இழுக்கக் கற்ற விரல்கள் பிறகு அகரமும் எழுதின.

செவிவழியாக வரும் ஒரு கதை உண்டு. ஒரு மாலை மழை கொட்டியது. மிஷன் வீட்டில் விளையாட வந்த சிறுமிகளால் வீடு திரும்ப முடியவில்லை. இரவு அங்கேயே தங்கி, அங்கே சமைத்ததையே சாப்பிட்டார்கள். பிள்ளை பசியாறியது என்று இன்று நாம் சொல்லிவிட்டுப் போவோம். அன்று அடுப்பும் சட்டியும் சாதியோடு கட்டுண்டவை. பிறத்தியார் வீட்டுச் சோறு வாயில் பட்டால் பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குள் சேர்ப்பதா என்ற கேள்வி எழும். ஆகவே பெண்பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிப்பிப்பது பாடத்தைவிடச் சோற்றில்தான் தொடங்கவேண்டியிருந்தது.

1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கியது. ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்று அதைச் சொல்வார்கள். மிஷன் ஆண்களுக்காக நடத்திய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து வரும் இளைஞர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்பதும் மிஷனின் கணக்கில் இருந்தது. மணமாகும் மாணவியருக்குச் சீதனம் கொடுத்ததும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனின் மனம் அறிந்து செய்த ஏற்பாடு அது. ஒன்றுமட்டும் எனக்கு வலிக்கிறது: செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். தாய் வைத்த பெயரை ஒரு சிறுமி பள்ளி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அன்பு நிறைந்த இடத்திலும் அது நடந்தது. அதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

ஆங்கிலேய அரசு 1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிகளை இலங்கைக்குள் விடவில்லை. இருக்கிற கைகளை வைத்தே வேலை நடந்தது. ஹாரியட் அதற்கிடையில் பிள்ளைகள் பெற்றார், சிலரைப் பறிகொடுத்தார். 1833 ஜனவரியில், 36 வயதில், உடுவிலிலேயே கண்மூடினார். பள்ளிக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை.

பிறகு அதே மிஷனைச் சேர்ந்த ஸ்போல்டிங் தம்பதியர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார்கள். 1840இல் எலைசா அக்னியூ என்ற அமெரிக்க ஆசிரியை வந்து சேர்ந்தார். திருமணம் செய்யாத அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். முதலில் படித்தவர்களின் மகள்மார் வந்தார்கள். அவர்களின் மகள்மாரும் வந்தார்கள். கெஞ்சிக் கூப்பிட்டும் பிள்ளையை அனுப்பத் தயங்கிய ஊரில், படித்த தாய்மாரே தங்கள் மகள்மாரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, தமக்குச் சொல்லித்தந்த அதே ஆசிரியையின் முன் நிறுத்தினார்கள்.

வணக்கம்.