வயலுக்குப் போகும் வெல்டிங் மிஷின்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று கணக்கு வைத்தால், மே மாதம் பாதியிலேயே டெல்டாவில் பட்டறை வாசலெல்லாம் டிராக்டர் நிற்க ஆரம்பித்துவிடும். கேஜ் வீலில் (சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற இரும்புச் சக்கரம்) விரிசல், கல்டிவேட்டர் சட்டத்தில் வளைவு, டிரெய்லர் கதவுக்குக் கொண்டி இல்லை என்று ஆளுக்கொரு வேலை. பட்டறைக்காரர் "நாளைக்கு வாங்க" என்பார். அந்த நாளை வருவதற்கு ஒரு வாரம் ஆகும். நானும் பட்டறை வைத்திருக்கிறவன்தான், அந்தப் பதில் எனக்கும் பழக்கம்.

அதனால் சொந்தமாகவே ஒரு வெல்டிங் மிஷின் வாங்கிப் போட்டால் என்ன என்று இப்போது விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பட்டறையில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் செட்டை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். உள்ளே முழுக்கச் செம்புச் சுற்றும் இரும்பும். இன்வெர்ட்டர் மிஷின் அப்படியில்லை. வருகிற கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் அதற்குள்ளே உள்ள டிரான்ஸ்பார்மர் சின்னதாக இருந்தால் போதும். மொத்த எடை ஏழெட்டுக் கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கலாம்.

எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கரண்ட் எங்கே இருந்து எடுக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் மிஷின் தானாக முடிவாகிவிடும். பதில் தெரியாமல் வாங்கிய மிஷின் பரணில் கிடக்கும்.

போன கோடையில் ஒருவர் புது மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, 200 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு, வெல்டிங் ராடு ஒட்டிக்கிட்டே இருக்கு, மிஷின் டூப்ளிகேட்டா?" என்றார். பட்டறை லைனில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. "வீட்டில் எப்படிப் போட்டீர்கள்?" என்றேன். வண்டியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக் காட்டினார். கல்யாண வீட்டில் சீரியல் விளக்குக்கு இழுக்கிற மெல்லிய ஒயர், சுருள் பிரிக்காமல் அப்படியே சுற்றியிருந்தது. நடுச் சுற்றுகளில் பிளாஸ்டிக் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வேலைக்கு இரண்டு அளவு ராடு (உருகி இரும்பை ஒட்டுகிற வெல்டிங் குச்சி) போதும். கேட், கிரில், ஸ்கொயர் டியூப் மாதிரி மெல்லிசுக்கு 2.5 மி.மீ. ராடு, 60 முதல் 90 ஆம்பியர். ஆங்கிள், சேனல், கேஜ் வீல் மாதிரி கனத்த வேலைக்கு 3.15 மி.மீ., 90 முதல் 130 ஆம்பியர். 3.15 ராடை 100 ஆம்பியரில் ஓட்டுவதாக வையுங்கள். ராடு நுனியில் 24 வோல்ட் இருக்கும். 100ஐ 24ஆல் பெருக்கினால் 2,400 வாட். மிஷினுக்குள்ளே வீணாகிற சூட்டையும் சேர்த்தால் 3 கிலோவாட். சாதாரண இன்வெர்ட்டர் மிஷின்களில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகிற பங்கு, 0.7 அளவில்தான் இருக்கும். ஆகவே 3ஐ 0.7ஆல் வகுத்தால், லைனிலிருந்து அது கேட்பது மொத்தம் 4.3 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்). 230 வோல்ட்டில் 18 ஆம்பியருக்கு மேலே. நம் வீட்டில் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் வைத்திருக்கிற பெரிய பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான்.

சரி, ஸ்டிக்கரில் போட்ட 200 ஆம்பியரை உண்மையிலேயே எடுத்தால்? அதே கணக்கில் லைனிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் போகும். வீட்டு இணைப்பில் அது நடக்காத காரியம். அப்புறம் அந்த எண்ணுக்குக் காசு கொடுப்பானேன்? அதைவிட மிஷினின் பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் எவ்வளவு என்று பாருங்கள். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்று இருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். அதுவும் 40 டிகிரி சூட்டை வைத்துப் போட்ட கணக்கு. சித்திரை வெயிலில், நிழல் இல்லாத களத்தில், அதைவிடச் சீக்கிரமே மஞ்சள் விளக்கு எரிந்து மிஷின் நின்றுவிடும். அது பழுதில்லை. ஃபேனை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒயருக்கு வருகிறேன். வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை 40 மீட்டர் என்று வையுங்கள். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆக 80 மீட்டர் செம்பு. சாயங்காலம் வீட்டில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால், மிஷின் அதே வேலைக்கு 21 ஆம்பியர் இழுக்கும். ஒயர் 1 சதுர மி.மீ. கனம் என்றால் ஏறக்குறைய 30 வோல்ட் வழியிலேயே போய்விடும். வாய்க்கால் நீள நீளக் கடைமடைக்குத் தண்ணீர் குறைகிற கதைதான். 170 வோல்ட்டில் மிஷின் திணறும், ராடு ஒட்டும், ஒயர் சுடும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 8 வோல்ட்டுக்குள் நிற்கும். இந்த ஒயர் ஒரு தடவை வாங்கினால் பத்து வருடம் உழைக்கும். மிஷின் பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்து இதற்குப் போடுங்கள். சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வயலில் வேலை என்றால் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது மோட்டார் கொட்டகை. விவசாய மின்சாரம் இலவசம், எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். தண்ணீர் இறைக்கக் கொடுத்த இணைப்பை வேறு வேலைக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வருகிறது. கணக்குப் போட்டு இரண்டு மடங்கு கட்டணம் வாங்குவார்கள். கம்பியில் கொக்கி போடுவது அதற்கும் மேலே, 135ஆம் பிரிவு, நேரடியாகத் திருட்டுக் குற்றம். சட்டத்தை விடுங்கள், கொக்கி போட்டு உயிர் போன கதை எந்த ஊரில் இல்லை?

வீட்டு யூபிஎஸ்ஸில் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஓட்ட முடியாது. பேட்டரியில் இருப்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒரு 3.15 ராடு எரிந்து முடிய 50 வாட்-மணி அளவில்தான் வேண்டும். ஆனால் அதை ஒரே நிமிடத்தில் கேட்கும். 900 விஏ பெட்டி 4 கேவிஏவை எங்கே கொடுக்கும்? கத்திவிட்டு நின்றுவிடும்.

அப்போது ஜெனரேட்டர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது, குடிதண்ணீர் ஏற்றுவதற்கே ஊர் ஊராக ஜெனரேட்டர் வாடகைக்கு அலைந்தோம். அதற்கப்புறம் சொந்தமாக வாங்கிப் போட்டவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அதில் வெல்டிங் ஓடுமா என்பது அளவைப் பொறுத்தது. பந்தலில் விளக்கு எரிக்கிற 2 கேவிஏ ஓடாது. 5 கேவிஏ இருந்தால் 2.5 ராடு தாராளமாக ஓடும், 3.15 ராடு 100, 110 ஆம்பியர் வரை ஓடும், அதுவே அதற்கு விளிம்பு. வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 'அதிகபட்சம்' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். தொடர்ந்து கொடுக்கும் அளவு என்று சின்ன எழுத்தில் இருப்பதுதான் நிஜம். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள வெல்டிங் மிஷின் கொஞ்சம் விலை கூட. ஆனால் அதே 100 ஆம்பியருக்கு 4.3க்குப் பதில் 3 கேவிஏ சொச்சத்தில் முடித்துவிடும். ஜெனரேட்டரில்தான் ஓட்டப் போகிறேன் என்பவருக்கு அந்த விலை வித்தியாசம் ஜெனரேட்டர் விலையிலேயே திரும்பிவிடும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி, பிடிஓவில் (டிராக்டர் இன்ஜினின் சுழற்சியை வெளியே கொடுக்கிற பின்பக்கத் தண்டு) மாட்டுகிற, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர். வாடகைக்கு ஓட்டுகிறவர் ஊர் முழுக்க வேலை எடுத்தால் கட்டும். தன் தேவைக்கு மட்டும் என்றால் நான் சொல்லமாட்டேன்.

பேட்டரியில் வெல்டிங் என்பது புதுச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். 1880களில் பெனார்டோஸ் என்கிற ரஷ்யப் பொறியாளர் மின்வில்லில் இரும்பை ஒட்டிக் காட்டியதே பேட்டரி வரிசையை வைத்துத்தான். இப்போது லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிற மிஷின்கள் வந்திருக்கின்றன. கோபுர உச்சியிலும் ரயில் பாதையிலும் வேலை செய்கிற கம்பெனிகளுக்கு அது சரி, நமக்கு விலை கட்டாது. இரண்டு மூன்று லாரி பேட்டரியை வரிசையாகக் கோத்து ராடு பிடிக்கிற வித்தையும் சிலருக்குத் தெரியும். எரியும், ஒட்டும், உண்மைதான். ஆனால் ஆம்பியரைக் கூட்டக் குறைக்க வழியில்லை. அதைவிட, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்திலேயே பொறி பறக்கும். வெடித்தால் முகத்தில் ஆசிட். வேண்டாம்.

இனி வேலை. கேஜ் வீலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொளியில் ஓடுகிறவரை அதற்கு ஒன்றும் ஆகாது. தார் ரோட்டிலும் கப்பி ரோட்டிலும் ஓட்டிப் போகிறபோதுதான், வளையத்தில் ஆங்கிள் உட்காருகிற இடத்தில், பழைய வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி மயிரிழை மாதிரி விரிசல் விழும். சேற்றைக் கழுவிப் பார்த்தால் துருக் கோடு தெரியும். பெரும்பாலோர் செய்வது, அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு ராடைக் கொட்டுவது. பார்க்கக் கனமாக இருக்கும், அடுத்த பட்டத்தில் அதே இடத்தில் விடும், ஏனென்றால் விரிசல் அடியில் அப்படியே இருக்கிறது. கிரைண்டரைப் போட்டு, கோடு மறையும் வரை வி வடிவத்தில் பள்ளம் எடுங்கள். விரிசல் முடிகிற நுனியில் 3 மி.மீ. டிரில்லில் ஒரு துளை போட்டுவிட்டால் அது மேலே ஓடாது. முதல் ஓட்டம் 2.5 ராடில் அடிவரை, கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் 3.15 ராடில் நிரப்புங்கள். கிரைண்டர் பொறி வெல்டிங் மிஷின் பக்கம் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் அந்த இரும்புத் தூளை உள்ளே இழுக்கும், போர்டு போய்விடும்.

சக்கரத்தை டிராக்டரிலிருந்து கழற்றிச் செய்வது நல்லது. கழற்ற முடியாது என்றால், முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை பெயின்ட் சுரண்டிய இடத்தில், வெல்டிங் செய்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அதே சக்கரத்திலேயே மாட்டுங்கள். டிராக்டர் பாடியில் எங்கேயோ மாட்டினால் கரண்ட் அச்சு பேரிங் வழியாகத் திரும்பும். பேரிங் குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

இந்த வேலைக்கு 6013 என்ற எண் போட்ட ராடு போதும். இழுவையும் அதிர்ச்சியும் தாங்க வேண்டிய இடத்துக்கு 7018 நல்லது. ஆனால் அது ஈரம் தாங்காது. பாக்கெட் உடைத்து ஐப்பசி மாதம் முழுக்கத் திறந்து கிடந்த 7018ஐ 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வாட்டாமல் போட்டால், ஒட்டிய இடத்துக்கு அடியில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும். வாட்டுகிற அடுப்பு வீட்டில் இல்லையென்றால் சின்ன பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

ரோட்டவேட்டர் கத்தி உடைந்தால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். அது சூடேற்றிப் பதம் போட்ட எஃகு. ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்தில் உடையும், உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. வண்டியின் வில்பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) இதேதான். வார்ப்பிரும்பு பம்ப் பாடி என்றால் நிக்கல் ராடு, நிதானம், அனுபவம் மூன்றும் வேண்டும், பட்டறைக்கே கொண்டுவாருங்கள். பெல் பாய்லர் ஆலையும், 1975லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற திருச்சிப் பக்கம் நல்ல கைக்குப் பஞ்சமில்லை. ராடுக்குப் பதில் கம்பிச் சுருளும் கேஸும் வைத்து ஒட்டுகிற மிக் மிஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். கொட்டகைக்குள் மெல்லிய டியூப் கேட்டுக்கு அருமை. திறந்த வயலில் காற்றடித்தால் அதன் கேஸ் கலைந்து வெல்டிங் முழுக்கத் துளைத் துளையாக வரும்.

கண்ணுக்கு வருகிறேன். கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. 100 ஆம்பியருக்குப் பத்தாம் எண் கருப்புக் கண்ணாடி, முகம் முழுக்க மறைக்கிற ஷீல்டில். வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் செய்யாமல் கண் டாக்டரிடம் போங்கள். ஜிஐ பைப்பில் வேலை என்றால் ஒட்டுகிற இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று வீசுகிற திசைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர் ஜுரம் வரும். டீசல் பேரல் காலியாக இருந்தாலும் தொடாதீர்கள். உள்ளே ஆவி இருக்கும்.

ராடு எரியாமல் இருக்கும்போதுதான் ஹோல்டரில் வோல்ட் அதிகம், 60, 70 இருக்கும். உலர்ந்த கைக்கு அது பெரிதில்லை. வேர்த்த உடம்போடு சேற்றில் நின்றுகொண்டு ராடு மாற்றினால் போதும், ஆபத்து. காய்ந்த பலகை ஒன்றைக் காலுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தோல் கையுறை காய்ந்திருக்கட்டும், பாலியெஸ்டர் சட்டை வேண்டாம். வைக்கோல் போரோ கரும்புச் சோகையோ பக்கத்தில் இருந்தால் வேறு இடம் பாருங்கள். முடியாது என்றால் சுற்றிலும் தண்ணீர் தெளித்து, இரண்டு குடம் தயாராக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்தவுடன் மிஷினைக் கட்டிக்கொண்டு கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். சோகைக்கு அடியில் விழுந்த பொறி உடனே எரியாது, புகைந்து கிடந்துவிட்டு அப்புறம்தான் பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.