திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் கேபின் க்ரூ, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர், பயிற்சிக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். பின்னால் உங்கள் அம்மா, அப்பா. பத்தொன்பது வருடம் அந்த வேலையைப் பார்த்தவள் என்ற முறையில், சிரிப்பைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பும் விமானம், நடு இரவு. "சிக்கன் தீர்ந்துவிட்டது சார், வெஜ்தான் இருக்கிறது" என்றேன் ஒரு பயணியிடம். அவர் தட்டை என்மேல் தள்ளிவிட்டார். "காசு கொடுத்து வந்திருக்கிறேன், நீ யார் எனக்குச் சொல்ல?" என்றார். யூனிஃபார்ம் முழுக்கக் குழம்பு. பயிற்சியில் சொன்னபடி சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வரிசைக்கு ட்ராலியைத் தள்ளினேன். காலையில் வீட்டில் அம்மா காபியை நீட்டும்போதும் முகத்தில் அதே சிரிப்பு. "ஏண்டி இப்படிச் சிரிக்கிறே, என்ன ஆச்சு?" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அது என் பலவீனம் என்றுதான் பல வருடம் நினைத்தேன். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு, 1983-இலேயே இதற்கு உணர்வு உழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். உள்ளே கொதிக்கும்போது வெளியே குளிர்ச்சியாக இருப்பதும் உழைப்புதான். மூட்டை தூக்கினால் முதுகு வலிக்கும். இதில் மனசு வலிக்கிறது.

வானத்தில் இது இன்னும் கடினம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலைமேல் இருப்பதுபோல. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறளும், கால் வீங்கும். 180 பேர் உட்காரும் விமானத்தில் நாங்கள் பெரும்பாலும் நான்கே பேர். கடையில் ஒருவர் கத்தினால் மேனேஜரைக் கூப்பிடலாம், வெளியே போய் நிற்கலாம். இங்கே கத்தியவருக்கே இன்னும் மூன்று மணி நேரம் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 2013-இல், ராமென் நூடுல்ஸ் சரியாக வேகவில்லை என்று ஒரு பெருநிறுவன அதிகாரி பணிப்பெண்ணைப் பத்திரிகையால் அடித்தார். அடுத்த வருடம் டிசம்பர் 5, நியூயார்க் கென்னடி விமான நிலையம். கொரியன் ஏர் விமான நிறுவனத் தலைவரின் மகளும் அதன் துணைத் தலைவருமான சோ ஹியூன் ஆ, மக்கடேமியா பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டார். நகரத் தொடங்கிய விமானத்தையே திருப்பவைத்து, தலைமைப் பணியாளர் பார்க் சாங் ஜின்னை இறக்கிவிட்டார். ஒரு பொட்டலம் பருப்புக்கு! வழக்கு நீதிமன்றம் போனது, சோ சில மாதம் சிறையில் இருந்தார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் வந்த சட்டம். வாடிக்கையாளரின் வசையிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்று 2018 அக்டோபரில் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. தேவைப்பட்டால் வேலையை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். கால் சென்டர், கடை எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் நாட்டிலும் 2017-இல் விதி வந்தது: வாயால் தொல்லை கொடுத்தால் 3 மாதம் வரை, கை வைத்தால் 6 மாதம் வரை பறக்கத் தடை. அதை வரவேற்கிறேன். ஆனால் திட்டு வாங்கிய பெண் அன்று இரவு எப்படி இருந்தாள் என்று கேட்கும் சட்டம்தான் எனக்குப் பெரிது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "தட்டு தூக்கும் வேலைதானே" என்று உறவினர் சொன்னால், 2024 ஜனவரி 2-ஐச் சொல்லுங்கள். டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பிடித்தது. உள்ளே அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் சொந்தக் குரலிலும் கத்தி வழிகாட்டினார்கள். அதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். அந்தக் குழம்பு இரவுக்குச் சில மாதம் கழித்து இன்னொருவர் கத்தினார். அன்றைக்கு இருந்த சீனியர் அக்கா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டார். "இரண்டு நிமிடம் இங்கேயே இரு. சிரிக்க வேண்டாம். அந்த வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான் சொன்னார்.

நான் சீனியர் ஆனபோது அதையே செய்தேன். கடைசி வருடத்தில் ஒரு சின்னப் பெண், திரைக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போகலாமா அக்கா?" என்று அவளே ட்ராலியைப் பிடித்தாள்.