தாலிக்கு ஒரு சட்டம், சேரிக்கு ஒரு சட்டம்: 1704 புதுச்சேரி

வணக்கம் மக்களே. மிஷன் வீதியில், ஜென்மராக்கினி மாதா கோவில் வாசலில் நிற்கிறேன். ஊரார் வாயில் இது இன்றும் சம்பா கோவில்தான். பின்னால் தெரிகிற கட்டடம் 1791-இல் முடிந்தது. நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய சங்கதி.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராக தூர்னோன் இங்கே வந்து இறங்கினார். அவர் போக வேண்டிய இடம் சீனா. வழியில் தங்கிய எட்டு மாதத்தில் பெரும்பகுதி உடம்பு சரியில்லை. மறவர் நாடு, மதுரை என்று எங்கும் போய்ப் பார்க்கவில்லை. இங்கே மதம் பரப்பிய சேசு சபைத் துறவிகள் உள்ளூர்ச் சடங்குகளை எவ்வளவு விட்டுவைக்கலாம் என்பதுதான் கேள்வி. அந்தச் சபைக் குருக்கள் இருவரை விசாரித்தார், 16 விதிகள் கொண்ட ஓர் ஆணையை எழுதினார். 1704 ஜூலையில் அதை வெளியிட்ட சில நாளிலேயே கப்பல் ஏறிவிட்டார். கெட்டிக்காரர்தான்! எதிர்வாதம் செய்ய வந்தவர்களுக்கு ஆளே அகப்படவில்லை.

ஆணையில் என்ன இருந்தது? தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. 108 இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கும் சடங்கு கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது. ஞானஸ்நானத்தில் குரு எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது. நம் ஊரில் எச்சில் என்றால் எப்படி முகம் சுளிப்பார்கள்! அதனால்தான் குருக்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டிருந்தார்கள்.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைக் குரு நோபிலி காலத்திலிருந்தே இந்த வளைந்துகொடுத்தல் உண்டு. பூணூல், குடுமிக்கு 1623-இல் ரோமே அனுமதி தந்தது. ஆகவே பலரும் இதை 'தமிழ்ப் பண்பாடு எதிர் ரோம்' என்றே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆணையில் இன்னொரு விதியும் இருக்கிறது: பறையர் யாராவது சாகக் கிடந்தால், குரு அவர் வீட்டுக்குள் போய்த்தான் அவஸ்தைபூசுதல், அதாவது சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு, கொடுக்க வேண்டும். நோயாளியை வெளியே தூக்கி வரச் சொல்லக் கூடாது. உண்மையான சிக்கல் இங்கேதான். சேரிக்குள் போன குருவை மேல்சாதி வீடுகள் சேர்க்காது, அதற்குத்தான் குருக்கள் பயந்தார்கள்.

இழுபறி நாற்பது வருடம் நீண்டது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணையை உறுதிசெய்தார். சரி, பறையர் வீடு? அவர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிக்கலாம் என்ற சேசு சபையின் யோசனையை ஏற்றுக்கொண்டார். தாலியில் வளையாத சட்டம் சாதியில் வளைந்தது, என் பார்வையில்.

அடுத்த வருடமே, 1745-இல், அப்போதிருந்த பழைய சம்பா கோவிலுக்குள் பறையர்களைப் பிரித்து நிறுத்திய சுவரைப் பற்றிய தகராறை அக்காலப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பறையர் கிறிஸ்தவர்களே போய் நியாயம் கேட்டுத்தான் அந்தச் சுவர் இடிபட்டது, ரோமிலிருந்து வந்த தாளால் அல்ல. அந்த நாட்குறிப்புப் பக்கங்களை அடுத்த வீடியோவில் வாசித்துக் காட்டுகிறேன்.