குரைக்காமல் கடித்தால் எப்படி?

வணக்கம் நேயர்களே. இணையத்தில் சட்டவிரோதமானவற்றைத் தடுக்கும் கண்காணிப்பு அமைப்புகளைப் பற்றி எட்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எட்டு நிமிடம் எப்போதும் போதாது, இருந்தாலும் பார்ப்போம்.

முதலில் என் சொந்தக் கதை. ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டேன். ஆபாசத்தைத் தடுக்க ஒரு வடிகட்டி போட்டிருந்தோம். ஒருநாள் நர்சிங் மாணவி ஒருவர் மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடியிருக்கிறார், திரையில் 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தது. பக்கம் இருந்தது, நாங்கள்தான் மறித்திருந்தோம். பாவம், ஒயரைப் பிடுங்கிச் செருகி, பக்கத்து மெஷினுக்கு மாறி, அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு என்னிடம் வந்து 'சார், நெட் போயிருச்சு' என்றார். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இன்னும் விடவில்லை: தடுக்கிறாயா, தடு, ஆனால் தடுத்தேன் என்று சொல். இந்த மாதிரி அமைப்புகளை ஆங்கிலத்தில் காவல் நாய் என்பார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்பது நம் ஊர்ப் பழமொழி, எனக்கோ குரைக்காமல் கடிக்கிறதைக் கண்டால்தான் பயம்.

சரி, பிரிட்டனுக்குப் போவோம். 1996 ஆகஸ்டில் லண்டன் மாநகரப் போலீஸ் இணைய நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்யும் படங்கள் உலவுகிற செய்திக் குழுக்களின், அதாவது அந்தக் கால இணைய விவாத அரங்குகளின், பட்டியல் அது, நீங்களாக நீக்குகிறீர்களா, நாங்கள் வரட்டுமா என்கிற தொனியில். அந்த வருடம் முடிவதற்குள் நிறுவனங்கள் காசு போட்டு இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கிறது. அது போலீஸும் இல்லை, அரசுத் துறையும் இல்லை.

அங்கே வேலை எப்படி? பொதுமக்களிடமிருந்து ஒரு புகார் வரும். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், எதைப் பார்க்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு மனநல ஆலோசனை கட்டாயம். படம் சட்டத்துக்கு விரோதமானதா, எந்த நாட்டுக் கணினியில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் இருந்தால் போலீஸுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தகவல் போகும், படத்தை நீக்கிவிடுவார்கள். வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள கூட்டாளி அமைப்புக்குச் சொல்லிவிட்டு, அது நீங்கும்வரை முகவரியைத் தடுப்புப் பட்டியலில் வைப்பார்கள், அதைப் பார்த்து இணைய நிறுவனங்கள் மறிக்கும். அதாவது தடுப்பு என்பது திரைச்சீலை மாதிரி, அசல் வேலை நீக்குவது. அவர்கள் 1996-இல் கண்டுபிடித்ததில் 18 சதவீதம் பிரிட்டன் கணினிகளில் இருந்தது, 2003 வாக்கில் அது 1 சதவீதத்துக்கும் கீழே போனது. உலகத்தில் இந்தக் கொடுமை குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, அந்த ஊரில் வைக்கத் துணிய முடியவில்லை என்றுதான் அர்த்தம். அதுவே பெரிய விஷயம் என்பேன்.

இப்போது எனக்குப் பிடித்த கதை. 2008 டிசம்பர். ஜெர்மன் ராக் குழு ஒன்றின் 1976-ஆம் வருட இசைத்தட்டு, அதன் அட்டையில் ஒரு சிறுமியின் படம், இருக்கக்கூடாத விதத்தில். அதைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் அந்த அட்டையும் இருந்தது. யாரோ புகார் செய்தார்கள், 5-ஆம் தேதி அந்தக் கட்டுரை தடுப்புப் பட்டியலுக்குப் போனது. ஒரே ஒரு கட்டுரைதான். ஆனால் அந்த ஒன்றைச் சலித்து எடுக்க, பிரிட்டனிலிருந்து விக்கிப்பீடியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோரை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாசல்கள் வழியாக இணைய நிறுவனங்கள் திருப்பிவிட்டன. பழைய ஹாஸ்டல் போனை நினைத்துக்கொள்ளுங்கள், இருநூறு பையன்களுக்கும் ஒரே நம்பர். ஒருத்தன் வம்புக்கு போன் போட்டால் எதிர்முனையில் இருப்பவர் அந்த நம்பரையே ஒதுக்கிவிடுவார், மீதிப் பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதேதான் நடந்தது. விக்கிப்பீடியாவுக்கு லட்சக்கணக்கான பேர் ஒரே முகவரியிலிருந்து வருவதுபோலத் தெரிய, குறும்பர்களைத் தடுக்கப்போய், கணக்கு இல்லாமல் கட்டுரை திருத்துகிற எல்லோரையும் தடுக்க வேண்டியதாயிற்று. இதில் சில நிறுவனங்கள், 'தடுக்கப்பட்டது' என்று சொல்லாமல், என்ன காட்டின தெரியுமா? 'பக்கம் இல்லை'! என் நர்சிங் மாணவி பார்த்த அதே பொய்.

அப்புறம் ஊரே அந்த இசைத்தட்டைத் தேட ஆரம்பித்தது. கேள்விப்படாதவர்கள்கூட. 9-ஆம் தேதி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது பல வருடமாக எங்கும் கிடைக்கிற படம் என்று காரணமும் சொன்னார்கள். படம் சரியா தப்பா என்கிற வாதத்துக்குள் நான் போகவில்லை, என்னைக் கேட்டால் அப்படி ஓர் அட்டையைப் போட்டிருக்கவே கூடாது. என் கேள்வி, தடுத்தவர்கள் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் என்ன என்பதுதான்.

நம் நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. 2003-இல் யாஹூவில் ஒரே ஒரு குழுவைத் தடுக்கச் சொல்லி உத்தரவு, யாஹூ குழுக்கள் மொத்தமும் போயின. 2006-இல் சில வலைப்பதிவுகளைத் தடுக்கப்போய் பிளாக்ஸ்பாட் முழுக்க முடங்கியது. மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்தின கதை. இன்றைக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசு தடுக்கலாம், ஆனால் 2009 விதிகளின்படி புகாரும் நடவடிக்கையும் ரகசியம். மறுபடியும் குரைக்காத நாய்! இதைப் பற்றி நிறையச் சொல்ல... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள்.

சரி, வேகமாக. சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் தந்த ஒரு தீர்ப்பை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது: குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்யும் படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமாகலாம். ஆபாசப் படம் என்ற சொல்லையே விடுங்கள், அது சுரண்டலும் கொடுமையும் என்றது. இது முக்கியம், பெரிதாகப் பேச நினைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. அப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால், 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றம். படம்பிடிக்காதீர்கள். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் கொடுங்கள், இந்த வகைப் புகாருக்குப் பெயர் சொல்ல வேண்டாம். ஆபத்தில் இருக்கும் குழந்தை என்றால் 1098-க்கு போன் போடுங்கள். நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள், வணக்கம்.