நிலவறையில் பக்குவமாகும் பியர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் பப்களில் கைப்பம்பால் இழுத்து ஊற்றித் தரும் ரியல் ஏல் என்னும் பியர் வகை பற்றிப் பேச வந்திருக்கிறேன். நெடுங்காலமாக என் மனத்துக்கு நெருக்கமான பொருள் இது.

இன்று பெருமளவில் விற்பனையாகும் பியர், ஆலையிலேயே வடிகட்டப்பட்டு, முழுமை பெற்ற பிறகே வெளியே வருகிறது. ரியல் ஏல் அப்படியன்று. உயிருள்ள ஈஸ்டுடன் பீப்பாயில் அடைக்கப்படுவதால், பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது நொதித்துக்கொண்டேயிருக்கும். நிலவறையைக் கவனிப்பவர், பீப்பாயின் மேலடைப்பில் நுண்துளைகள் உள்ள மரமுளையைச் செருகி மிகுதியான வாயுவை வெளியேற விடுவார். நுரையின் வேகம் தணிந்ததும் காற்றுப் புகாத கெட்டி முளைக்கு மாற்றுவார். கசடு அடியில் படிந்து பியர் தெளியும்வரை பீப்பாயை அசைக்கவே மாட்டார். அந்த அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ்.

ஒன்பது காலன் பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும்; ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல். திறந்தபின் மூன்று நாள்களுக்குள் அதைக் காலி செய்வது நல்லது. இல்லையெனில் புளிப்பேறத் தொடங்கும். ஆகவே ஆள் நடமாட்டம் இல்லாத பப்பில் நல்ல ஏல் கிடைப்பது அரிது. காய்ச்சுபவர், நிலவறைக்காரர், அன்றாடம் வந்து குடிக்கும் ஊர்க்காரர் ஆகிய மூவரும் சேர்ந்தே இதைக் காப்பாற்றுகிறார்கள்.

ஊர்க்காரர் என்றதும் சசெக்ஸிலுள்ள லூயிஸ் என்னும் சிறு நகரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊஸ் ஆற்றங்கரையில் ஹார்வீஸ் என்ற பியர் ஆலை 1790 முதல் தொடர்ந்து வரும் மரபுடன் நிற்கிறது. 2000 அக்டோபரில் ஆற்று வெள்ளம் ஆலைக்குள் புகுந்தும் அது மீண்டெழுந்தது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற பப். 2006 இறுதியில், அதை நடத்திய பெருநிறுவனம், அதே ஊரில் காய்ச்சப்படும் ஹார்வீஸ் பெஸ்ட் பிட்டர் என்ற ஏலை நிறுத்திவிட்டுத் தன் சொந்தப் பியரை மட்டுமே விற்க முற்பட்டது. ஊரே திரண்டது. பல்லாண்டுகளாக அங்கே உட்கார்ந்து குடித்தவர்கள் குளிர்காலத்தில் வாசலில் நின்று, உள்ளே போக வேண்டாமென்று வருவோரைக் கேட்டுக்கொண்டார்கள். பப் வெறிச்சோடியது. ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழித்து, 2007 வசந்தத்தில், நிறுவனம் இறங்கிவந்தது, ஹார்வீஸ் திரும்பியது. விலையைக் குறைக்கச் சொல்லி எவரும் போராடவில்லை என்பதைக் கவனியுங்கள். தங்கள் ஊர்த் தண்ணீரில், தங்கள் ஊரில் காய்ச்சிய பியர் தங்கள் பப்பில் வேண்டும் என்பது ஒன்றே கோரிக்கை. 1971-இல் நான்கு நண்பர்கள் தொடங்கி, காம்ரா என்று பெயர் பெற்ற, ரியல் ஏலைக் காக்கும் இயக்கம் நாடு முழுவதும் பேசிவந்ததும் இத்தகைய உரிமையைத்தான்.

நேரம் நெருங்கிவிட்டது; ஏலைக் கொண்டு செய்யும் சமையலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாட்டிறைச்சியை ஏலில் மெல்லிய தீயில் வேகவைத்துச் செய்யும் ‘பை’ (pie) என்ற மாவுமூடிப் பண்டத்துக்கு, மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பு தூக்கலான கருநிற ஏலையே எடுத்துக்கொள்ளுங்கள். கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்கள் மிகுந்ததை ஊற்றினால், குழம்பு வற்ற வற்றக் கசப்பு கூடிவிடும். செடார் சீஸையும் கடுகையும் சிறிது ஏலில் உருக்கி, வாட்டிய ரொட்டியின் மேல் பரப்பி, மறுபடியும் அனலில் காட்டினால் வெல்ஷ் ரேர்பிட். மீன் பொரிக்கும் மாவை ஏலில் கரைப்பதானால் நன்கு குளிர்ந்ததை ஊற்றி, கரைத்த கையோடு பொரித்தெடுங்கள். நன்றி, வணக்கம்.